மருத்துவச்சி பார்க்கும் பிரசவம்: டெல்டா பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் 29 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் எல்லோருக்கும் நான் ‘நர்சம்மா’. இப்போதும் வளைகாப்பு வீட்டிலோ பஸ்ஸிலோ ரேஷன் கடை வரிசையிலோ யாராவது கையைப் பிடித்து நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்பார்கள். டாக்டர் இல்லாமல் நர்ஸ் பிரசவம் பார்த்தால் சரிப்படுமா, அங்கே நம்மை எப்படி நடத்துவார்கள் என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அடிக்கடி வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மருத்துவச்சி என்றால் பழைய காலத்து ஊர் மருத்துவச்சியா?

இல்லை. ஆனாலும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. என் பாட்டி காலத்தில் இந்தப் பக்கம் பிள்ளை எடுத்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்றொரு பெயர் உண்டு. நடுராத்திரி அரிக்கேன் விளக்கோடு வந்து கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டும். கூலி அறுவடைக் காலத்தில் நெல், சில வீடுகளில் ஒரு பழைய சேலை. பிள்ளையைக் கையில் வாங்கிக் கொடுத்தவளைத் திண்ணைக்கு மேல் ஏற விடாத வீடுகளும் இருந்தன. அவர்களுடைய பொறுமையும் கைப்பழக்கமும் பெரிது. ஆனால் ரத்தப்போக்கை நிறுத்த அவர்களிடம் மருந்து இல்லை, சிக்கலானால் ஏற்றி அனுப்ப வண்டி இல்லை. அதனால் எத்தனையோ தாய்மார்கள் செத்துப் போனார்கள்.

இன்று மருத்துவச்சி என்று உலகம் சொல்வது முறையாகப் படித்து, பதிவு பெற்று, கர்ப்ப காலம், பிரசவம், பிள்ளை பிறந்த பிறகான வாரங்கள் என்று மூன்றையும் பார்த்துக்கொள்பவரை. இயல்பான பிரசவத்தைத் தானே முடிவெடுத்து நடத்துவார். இயல்பு தப்பினால் முதல் ஆளாகக் கண்டுபிடித்து டாக்டரிடம் சேர்ப்பார். பிள்ளை எடுப்பதைவிட, எப்போது கையை எடுத்துவிட்டு வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கஷ்டமான படிப்பு.

டாக்டர் பார்க்காத பிரசவம் ஏழைகளுக்கான மட்டமான வைத்தியம்தானே?

மன்னார்குடியில் ஒரு மாமியார் இதை என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்வீடன் மாதிரி வசதியான நாடுகளில் சிக்கலில்லாத பிரசவங்களை மருத்துவச்சிகள்தான் பார்க்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2024-இல் 17 ஆய்வுகளை, 18,500-க்கும் அதிகமான பெண்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தது. ஒரே மருத்துவச்சியோ ஒரே சிறு குழுவோ தொடர்ந்து கவனித்த பெண்களுக்கு சிசேரியனும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைவாக இருந்தன. பிரசவம் நல்லபடியாக நடந்தது என்று மனதாரச் சொன்னவர்களும் அவர்களில் அதிகம்.

ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. அங்கே மருத்துவச்சிக்குப் பின்னால் ரத்த வங்கி, ஆபரேஷன் தியேட்டர், தட்டினால் வரும் டாக்டர் எல்லாம் உண்டு. ஏழை நாட்டில் மருத்துவச்சியை மட்டும் கொண்டுபோய் ஒரு கட்டடத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்த்தால், அது அவளுக்கும் அநியாயம், தாய்க்கும் அநியாயம்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் பிறரும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் இன்னும் 9 லட்சம் மருத்துவச்சிகள் தேவை என்கிறது. ஆப்பிரிக்காவில்தான் பற்றாக்குறை மிக அதிகம். போதிய மருத்துவச்சிகள் இருந்தால், தாய், சிசு, வயிற்றிலேயே இறக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து, 2035 வாக்கில் ஆண்டுக்கு 43 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நம் ஊரில் நடப்பது மருத்துவச்சி முறைதானா?

பாதி அப்படித்தான். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ்கள் முறை வைத்து ராத்திரி பகலாக இருக்கிறார்கள். அங்கே சுகப்பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள் கைதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேலான பிரசவங்கள் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்தவை. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் தமிழ்நாட்டில் 54 பேர், இந்தியா முழுவதற்கும் 97 பேர். இந்த வித்தியாசத்தில் செவிலியர்கள் நடந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு. வரப்பு மேல் நடந்தே கர்ப்பிணி வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் நூல் அறுந்துவிடுகிறது. எட்டு ஒன்பது மாதம் ஒரு பெண்ணின் ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றில் கை வைத்துப் பிள்ளை இருக்கும் நிலை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று சண்டை போட்டவள் நான். அவளுக்கு வலி வரும் ராத்திரி, எதிரே நிற்பது அவள் அதுவரை பார்த்தேயிராத ஒரு சிஸ்டர். அந்த சிஸ்டர் மீது தவறில்லை, முறையே அப்படித்தான்.

நம் வழக்கமும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், வளைகாப்பு முடிந்ததும் பெண் கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கோ, பட்டுக்கோட்டையிலிருந்து மயிலாடுதுறைக்கோ போய்விடுவாள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கும் பிக்மி எண் கூடவே போகும், பரிசோதனை விவரம் எல்லாம் கணினியில் இருக்கும். அவளுக்கு இருட்டு என்றால் பயம், முதல் கர்ப்பம் கலைந்ததைப் பற்றிப் பேசினால் அழுவாள் என்பதெல்லாம் எந்த எண்ணிலும் போகாது. தெரிந்த முகம் ஒன்று கடைசிவரை கூட இருப்பதுதான் மருத்துவச்சி முறையின் உயிர். நம்மிடம் குறைவது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

மற்ற ஏழை நாடுகளில் எப்படி?

முதலில் கோடியக்கரைக்கு எதிரே இருக்கிற இலங்கையைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் உண்டு. அங்குள்ள தமிழர்கள் மருத்துவமாது என்றும் சொல்வார்கள். கர்ப்பம் உறுதியானதிலிருந்து வீடு தேடி வருவார், பிள்ளை பிறந்த பிறகும் வருவார். 1930-களில் அந்தத் தீவில் லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 30-ஐ ஒட்டி நிற்கிறது. பணக்கார நாடாக ஆன பிறகு வந்த மாற்றம் இல்லை இது. மருத்துவச்சி, அவளுக்குப் பின்னால் டாக்டர், இலவச மருத்துவமனை, பெண்களின் படிப்பு என்று எல்லாம் பல பத்தாண்டுகள் சேர்ந்து செய்த வேலை.

வங்கதேசத்தில் மருத்துவச்சிக்கென்றே மூன்று வருடப் படிப்பு 2013-இல்தான் தொடங்கியது. 2018-இலிருந்து அவர்களை அரசு ஊரகச் சுகாதார மையங்களில் நியமித்தது. காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா முகாம்களிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். வெறும் தகரக் கொட்டகையில், தன் நாட்டை விட்டு ஓடிவந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்து விடுவதும் வைத்தியம்தான்.

கம்போடியா 2009-க்குள் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒரு மருத்துவச்சியாவது இருக்கும்படி செய்தது. அதற்கு முன்பே 2007-இலிருந்து, உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. ஆப்கானிஸ்தானில் இதற்கு நேர் எதிர். பெண்கள் மருத்துவச்சிப் படிப்பு படிப்பதையே 2024 டிசம்பரில் தலிபான் நிறுத்திவிட்டது. ஆண் டாக்டரிடம் காட்டக் கூடாது என்கிற ஊரில் மருத்துவச்சியும் இல்லையென்றால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரசவ அறையில் திட்டுவார்கள், அடிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதை மறைத்து எழுதினால் இந்தப் பக்கத்துக்கே அர்த்தமில்லை.

என் மூத்த மகள் பிறந்தபோது நான் செவிலியராக இல்லை, 21 வயதுப் பெண். ஒரு மருத்துவமனையில் வலியில் கத்தியபோது தொடையில் ஓர் அறை விழுந்தது. “அப்போ இனிச்சுதா?” என்று ஒரு குரல். பிள்ளை எத்தனை எடை, எத்தனை மணிக்குப் பிறந்தது என்பதெல்லாம் என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் குரல் மட்டும் இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நான் சந்தித்த பெண்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் ஆய்வாளர்கள் 2,016 பெண்களின் பிரசவத்தைக் கூடவே இருந்து கவனித்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த ஆய்வில், 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அடி, வசவு, இழிவு என்று ஏதாவது ஒன்றை அனுபவித்திருந்தார்கள். வயது குறைந்த, படிப்பு குறைந்த பெண்களுக்குத்தான் அதிகம். பிள்ளை பிறப்பதற்கு முந்தைய அரை மணியிலிருந்து பிறந்து கால் மணி வரையில்தான் அது உச்சத்தில் இருந்தது. அதாவது முக்கிப் பெறுகிற நேரம். பெண்ணால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத நேரமும் அதுதான்.

இதைச் செய்பவர்களில் மருத்துவச்சிகளும் நர்ஸ்களும் உண்டு. டாக்டரை எடுத்துவிட்டு மருத்துவச்சியை வைத்தால் தானாக அன்பு வந்துவிடாது. நானே ஒரு முறை, நடவுக் காலத்தில், விடியவிடியத் தூங்காமல் இருந்த ஒரு நாளில், 19 வயதுப் பெண்ணைப் பார்த்து “இப்படிக் கத்தினா பிள்ளை செத்துப்போயிடும்” என்று சொல்லியிருக்கிறேன். அவள் உடனே வாயை மூடிக்கொண்டாள். வேலை சுலபமாயிற்று. அப்புறம் பிள்ளையைத் துடைத்து அவள் மார்பில் வைத்தபோது அவள் முதலில் கேட்டது, “நான் கத்துனதால இதுக்கு ஒண்ணும் ஆகலையே நர்சம்மா?” என்றுதான். அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு அந்த வழக்கத்தை விட்டேன்.

களைப்பு ஒரு காரணம், சாக்கு இல்லை. ஒரு சிஸ்டர் ராத்திரி முழுக்கத் தனியாக, மூன்று கட்டில்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் காணாமல் போவது நிதானம். அவளுக்கு மேலிருப்பவர்கள் அவளை அதட்டினால், அவள் தனக்குக் கீழே படுத்திருப்பவளை அதட்டுகிறாள். ஆள் பற்றாக்குறையையும் மேலதிகாரியின் அதட்டலையும் சரி செய்யாமல், சுவரில் ‘அன்பாகப் பேசுங்கள்’ என்று மட்டும் எழுதிப் பயனில்லை.

2019-இல் 114 நாடுகளில் சுமார் 12 லட்சம் பெண்களிடம் பேறுகால சேவையில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். முதலிடத்தில் வந்தது மரியாதையான, கண்ணியமான கவனிப்பு. அடுத்து வந்தது தண்ணீர், கழிப்பறை, சுத்தம். எந்திரங்களும் பெரிய கட்டடங்களும் இந்த இரண்டுக்கும் பின்னால்தான்.

பிரசவ அறைக்குள் அம்மாவைக் கூட வைத்துக்கொள்ளலாமா?

கேளுங்கள், விடாமல் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையிலேயே, பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பிறப்புத் துணை என்ற ஏற்பாடு உண்டு. அம்மா, அத்தை, அக்கா, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள எவராக இருந்தாலும் சரி. கூட ஆள் இருக்கும் அறையில் யாரும் அவ்வளவு சுலபமாகக் கை ஓங்க மாட்டார்கள், அதுவும் ஒரு லாபம்.

இந்தத் துணையின் அருமை நமக்குப் புதிதில்லை. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். ரத்னாவதிக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து கிளம்பிய அவள் அம்மா, காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவனே அந்தத் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கதையில் கடவுள் டாக்டராக வரவில்லை, அம்மாவாக வந்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நிற்கும் வரை, போகாமல் கூடவே இருந்தார்.

படுத்தே கிடக்க வேண்டுமா? சாப்பிடலாமா? தையல் கட்டாயமா?

சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் வலி நேரத்தில் நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், முட்டி போடலாம். கஞ்சி, இளநீர், இட்லி, தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க நாற்று நடுகிற உடம்பு இது. வெறும் வயிற்றோடு பன்னிரண்டு மணி நேரம் வலியைத் தாங்கச் சொல்வது என்ன நியாயம்?

தலைப்பிரசவம் என்பதற்காகவே பிள்ளை வரும் வழியை வெட்டித் தைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. தேவைப்பட்டால் மட்டும்தான். எனிமா கொடுப்பது, முடி மழிப்பது, வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளுவது இவையும் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முழு வேகப் பிரசவம் தொடங்குகிறது. அதற்கு முன்பு மெதுவாகப் போகிறது என்பதற்காக மட்டும் வலியைக் கூட்டும் ஊசி போட அவசரப்பட வேண்டியதில்லை. நல்ல மருத்துவச்சியின் பாதி வேலை காத்திருப்பது. பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டு, குறித்துக்கொண்டு, காத்திருப்பது.

எங்கள் வீட்டில் சிசேரியன்தான் பாதுகாப்பு என்கிறார்களே?

தேவைப்பட்ட இடத்தில் சிசேரியன் உயிரைக் காப்பாற்றும். என் கண்முன்னே காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 64. இத்தனை பெண்களுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க மாட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். கூலி வேலைக்குப் போகும் பெண் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாள் நட்சத்திரம் பார்த்து வயிற்றைக் கிழிப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: வேண்டாம்.

எப்போது நர்ஸ் போதாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

ரத்த அழுத்தம் கூடினால், ரத்தம் மிகவும் குறைவாக இருந்தால், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்கே அல்லது கால் கீழாக இருந்தால், சர்க்கரை இருந்தால், முந்தைய சிசேரியன் இருந்தால் முன்கூட்டியே டாக்டர் இருக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். திடீரென்று தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து பச்சையாக நீர் வருவது, பிள்ளை அசைவு குறைவது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108. பிள்ளை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்கு மிக வேகமானது. சுகமாகப் பிறந்துவிட்டது என்று எல்லோரும் மிட்டாய் வாங்க ஓடும் நேரத்தில்தான் அது வரும். அதனால்தான் பிள்ளை பிறந்த உடனே தாய்க்கு ஓர் ஊசி போடுகிறார்கள், மறுக்காதீர்கள்.

கடலோரக் கிராமத்தில் இருப்பவர்கள் ஐப்பசி கார்த்திகையில் நாள் விழுந்தால் ஒரு வாரம் முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறிய பிறகு, விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே ஒரு ஆம்புலன்ஸ் நகர எத்தனை நேரமாகும் என்று பார்த்தவள் நான்.

செலவு?

அரசு நிலையத்தில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட மொத்தம் 18,000 ரூபாய், தவணையாக வரும். அதற்கு பிக்மி எண் முதலில் வாங்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் ‘சந்தோஷத்துக்கு’ என்று யாராவது கை நீட்டினால் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

திருக்கருகாவூர் கோயில் எண்ணெய் பூசலாமா?

பூசலாம். அம்பாள் பெயரைச் சொல்லி அம்மா வயிற்றில் தடவி விடும்போது வரும் தைரியம் பெரிது. ஆனால் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெயைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

தெரிந்த முகம் கிடைக்க நாமே என்ன செய்யலாம்?

ஒன்பதாவது மாதத்தில் ஒரு நாள், பரிசோதனை நாளாக இல்லாவிட்டாலும், பிரசவம் நடக்கப்போகும் இடத்துக்குப் போங்கள். பிரசவ அறையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். கழிப்பறை எங்கே என்று பாருங்கள். முறையில் இருக்கும் சிஸ்டரிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள்: இது எனக்குத் தலைப்பிள்ளை, எனக்கு இது பயம், எங்க அம்மா கூட இருப்பாங்க. தாய்வீடு போகிறவர்கள் போன முதல் வாரத்திலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். பத்து நிமிடப் பேச்சுதான். வலியோடு போய் இறங்கும் ராத்திரியில், “நீயா, வாம்மா” என்று ஒரு குரல் வரும்.

என் மகள் மருத்துவச்சி ஆக ஆசைப்படுகிறாள், என்ன படிக்க வேண்டும்?

திருவாரூரிலிருந்து ஒரு அப்பா கேட்டது இது. கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங். மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிரசவ அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு மருத்துவச்சியியலில் 18 மாத மேற்பயிற்சி உண்டு. அதை முடித்தவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவப் பிரிவில் வேலை செய்வார்கள், பக்கத்திலேயே டாக்டர் இருப்பார். தெலங்கானா இதற்கு முன்பே 2017-இல் இப்படி ஒரு பயிற்சியைத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் இருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வயிற்றின் மேல் வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் என் பழைய குழல் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.